இன்றைய தடிமன்

காலை ஆறரை. மைனஸ் முப்பத்தொன்று.
வின்னிபெக்கில் ஜனவரி மாதத்து ஆறு என்பது ஒரு தெரு.
ஆட்கள் அதன்மேல் சறுக்கிப் போகத் தொடங்குமுன்
நானும் ரெனாற்றோவும் துளை போட்டு அளக்கிறோம்,
நாற்பது அடிக்கு ஒன்று.
எங்கள் பேச்சில் தடிமன் என்றால் மூக்கொழுகல்.
இங்கே அது என் சம்பளம்.

மெய்யியலில் முதுகலை என்று
விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.
நேர்முகத்தில் சிரிக்கவில்லை, பாவங்கள்.
பாரம் தூக்குவீர்களா என்று மட்டும் கேட்டார்கள்.
விடியப்புறம் மூன்று மணிக்கு விழித்து
அடுப்பை அணைத்தேனா என்று
நான்கு தரம் படியிறங்கிப் போகிறவளுக்கு
இருபது கிலோ துளைப்பான் ஒரு பாரமா?

மலையில் புகை, ஆகவே மலையில் நெருப்பு.
ஐந்து உறுப்போடு அனுமானத்தை எழுதி
முழுப் புள்ளி வாங்கியவள் நான்.
இப்போது என் நெஞ்சு
நெருப்பே இல்லாமல் புகைகிறது.
துவாரகன் பஸ் ஏறிவிட்டேன் என்று
செய்தி அனுப்பவில்லையா, புகை.
அனுப்பிவிட்டானா,
ஏன் இவ்வளவு சுருக்கமாக?
புகை.

அப்புறம் அந்தக் கயிறு.
இருட்டில் பாம்பு, விளக்கைக் கொண்டுவந்தால் கயிறு,
அவ்வளவுதான், மணி அடித்தது, எல்லாரும் சாப்பிடப் போனோம்.
அன்றைக்கே கையை உயர்த்தியிருக்க வேண்டும்:
கயிறென்று தெரிந்த பிறகும்
கை நடுங்குகிறதே சேர்,
அது எதைப் பார்த்து?

இருபத்தைந்து வருடம் கழித்து
பனிக்கட்டிமேல் மண்டியிட்டு
அளவுகோலின் கொக்கியைத் துளைக்குள் இறக்கும்போது
பாதி விடை மாதிரி ஒன்று கிடைத்தது.
நடுக்கம் பாம்பைப் பற்றிய செய்தி அல்ல,
கயிற்றைப் பற்றியதும் அல்ல.
இழப்பதற்கு என்னிடம் ஏதோ இருக்கிறது என்று
உடம்பு போடும் கையெழுத்து.

(அழகாகச் சொல்லிவிட்டேன்.
அழகாகச் சொன்னதை உடனே நம்பாதே என்று
அதே மெய்யியல்தான் சொல்லித் தந்தது.)

டும்.
அக்கரையிலிருந்து இக்கரைக்கு
காலடியில் ஒரு சத்தம் ஓடியது.
வயிற்றில் புளி கரைந்தது.
ஐஸ் சோம்பல் முறிக்குது என்றான் ரெனாற்றோ
பிஸ்கற்றைக் கடித்தபடியே.
எனக்கும் தெரியும். பயிற்சியில் சொன்னார்கள்,
சத்தத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதே,
இறக்கி அள.
ஆனாலும் முழங்கால் ஓடப் பார்த்தது.
ஓடவில்லை.
துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம்,
கோல் துளைக்குள் இருந்தது,
விட்டுவிட்டு ஓடினால் தண்ணீர் மேலே உறைந்துவிடும்,
மறுபடி முதலிலிருந்து.

இருபத்தேழு சென்ரிமீற்றர்.
இந்தத் துளையில். இந்தக் காலையில்.
அடுத்த துளைக்கு இது சாட்சி சொல்லாது,
நாளைக்கு அறவே சொல்லாது.
ஆளைத் தாங்கும்.
லொறியைத் தாங்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.
நான்தான் ஒவ்வொரு இரவும்
ஒரு லொறியை ஓட்டி வந்து நிறுத்துகிறேன்,
மகனின் பதினேழு வயதின்மேல்,
இன்னும் வராத ஒரு பரிசோதனை முடிவின்மேல்,
நிறுத்திவிட்டு
விரிசல் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன்.

இந்தக் குளிருக்குப் பேனா எழுதாது, பென்சில்தான்.
கையுறையைக் கழற்றி அட்டையில் எழுதினேன்.
இரண்டு நெளிந்தது.
ஏழு ஒரு பக்கம் சாய்ந்தது.
ரெனாற்றோ எட்டிப் பார்த்து
இது ஒன்றா ஏழா என்றான்.

ஏழு.
கைதான் ஆடுது.

பச்சைக் கொடியைக் குத்திவிட்டுக்
கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்.
அனுப்பிய செய்திக்கு ஒற்றைச் சரிக்குறி.
இன்னும் பதினெட்டுத் துளை.